இரண்டு வாய் பார்த்த கார்னெட்

அத்தியாயம் 6

பெயரைக் கேட்டால் அணுகுண்டு வைத்திருப்பான் என்று தோன்றும். ஆனால் அன்று காலை வல்லரசுவிடம் சட்டைக்கு முழுசாகப் பொத்தான்கூட இல்லை. ராயபுரத்துக்கு வந்த பஸ்ஸில் யாரோ ஒரு அம்மாளின் மீன்கூடை அவனுடைய மூன்றாவது பொத்தானைப் பிய்த்துக்கொண்டு கல்மண்டபத்தில் இறங்கிப் போய்விட்டது. ஒரு கையால் சட்டையைப் பொத்திக்கொண்டு, இன்னொரு கையில் வறுத்த வேர்க்கடலைப் பொட்டலத்தோடு அவன் கடலரசன் பேண்டு செட் வாசலுக்கு வந்து சேர்ந்தபோது, துப்பறிவாளர் கார்குழலி அவனுக்கு முன்பே வந்து பெஞ்சில் உட்கார்ந்திருந்தார்.

கார்குழலி இருபது வருடம் வியாசர்பாடியில் டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட் நடத்தியவர். விரல் விழுகிற தினுசை வைத்தே எந்தப் பெண் வீட்டில் பயிற்சி செய்யாமல் வந்திருக்கிறாள் என்று கண்டுபிடித்துவிடுவார். தெருவுக்குத் தெரு கம்ப்யூட்டர் சென்டர் முளைத்த பிறகு அந்தத் திறமைக்கு வேறு வேலை தேடினார். கிடைத்தது துப்பறியும் தொழில். உதவிக்கு வந்து ஒட்டிக்கொண்டவன்தான் புளியந்தோப்பு வல்லரசு. வாய்க்கு ஓய்வு கொடுக்கத் தெரியாதவன்.

வழக்கு கொண்டுவந்தவர் பேண்டு மாஸ்டர் குணசேகரன். சிவப்புக் கோட்டு, தங்க நிறச் சரிகை, கையில் வெள்ளிப் பூண் போட்ட கோல். காலை ஒன்பது மணிக்கே அந்த வேஷத்தில் இருந்தார். மாலை ஆறு மணிக்குப் பக்கத்துத் தெரு மாதா கோயிலில் தேர் பவனி. பதினைந்து வருடமாகக் கடலரசன் பேண்டுதான் தேருக்கு முன்னால் போகிறது. அது இன்றோடு முடிந்துவிடுமோ என்று மனிதர் கலங்கிப்போயிருந்தார்.

சங்கதி இதுதான். குழுவின் கார்னெட், அதாவது டிரம்பெட்டுக்குக் குள்ளத் தம்பி மாதிரி இருக்கும் பித்தளைக் குழல், மூன்று மாதம் முன்பு தேய்ந்து பல்லிளித்துவிட்டது. புதுசு வாங்க வசதியில்லை. சாத்தாங்காட்டு இரும்பு மார்க்கெட்டில் பித்தளை எடைக்கு வாங்கும் ரஷீது பாயிடம் நல்ல பழைய கார்னெட் ஒன்று வந்திருப்பதாகக் கேள்விப்பட்டு, முதல் கார்னெட்காரர் தேசப்பன் நேரில் போய்ப் பார்த்து வாங்கிவந்தார். கடையில் குயில் மாதிரி கூவியது என்றார். பேண்டில் வைத்து ஊதினால் சைக்கிள் டியூபில் காற்று இறங்குகிற சத்தம். இரண்டு கல்யாண ஊர்வலம் நாசம். இரண்டாவதில் மாப்பிள்ளைத் தோழன் ஒருவன், பஞ்சர் ஒட்ட ஆள் கூட்டிவரட்டுமா என்று கேட்டுவிட்டான்.

குணசேகரன் சுவரைக் காட்டினார். பத்துப் பன்னிரண்டு போட்டோக்கள். எல்லாவற்றிலும் அவர் கோலோடு முன்னால் நடக்கிறார். குழு அவர் முதுகுக்குப் பின்னால் வருகிறது.

"மாஸ்டர் திரும்பிப் பாத்தா பேண்டு தப்பா வாசிச்சிடுச்சுன்னு அர்த்தம். முப்பது வருசம் நான் திரும்புனதே இல்லம்மா. இந்த ரெண்டு கல்யாணத்துல ரெண்டு வாட்டி திரும்ப வெச்சிட்டானுங்க."

அவர் தீர்ப்பு ஏற்கெனவே தயார். ரஷீது பாய் நல்ல கார்னெட்டைக் காட்டி, பெட்டியில் சொத்தையை வைத்துக் கொடுத்துவிட்டார். அந்த நல்ல கார்னெட்டை ஆறு மணிக்குள் கண்டுபிடிக்க வேண்டும். கோயில் கமிட்டி கறாராகச் சொல்லிவிட்டது: இன்றும் சொதப்பினால் அடுத்த வருடம் வேறு குழு. அவரும் கறாராகச் சொல்லிவிட்டார்: இன்றும் சத்தம் வராவிட்டால் தேசப்பன் குஞ்சம் வைத்த தொப்பியைக் கழற்றி வைத்துவிட வேண்டும். கடலரசன் பேண்டில் சிவப்புக் குஞ்சம் முதல் கார்னெட்காரருக்கு மட்டும்தான். இருபத்திரண்டு வருடமாக அது தேசப்பன் தலையில் ஆடிக்கொண்டிருக்கிறது.

அந்தத் தேசப்பன் மூலையில் ஸ்டூலில் உட்கார்ந்து, பன்னை டீயில் முக்கி முக்கித் தின்றுகொண்டிருந்தார். பெரிய மீசை. பேசும்போதெல்லாம் தோள் துண்டை வாயருகே கொண்டுபோகிற பழக்கம். பார்க்கவே பாவமாக இருந்ததால் வல்லரசு கடலைப் பொட்டலத்தை நீட்டினான். விரதம் என்று தலையாட்டிவிட்டார். பன் தின்று அனுசரிக்கும் விரதம் எந்தச் சாமிக்கு என்று கேட்க வல்லரசுவின் நாக்கு துறுதுறுத்தது. கார்குழலி பார்த்த பார்வையில் அடங்கிக்கொண்டது.

கார்குழலிக்கு சங்கீதம் சுத்தமாகத் தெரியாது. கார்னெட்டை மடியில் வைத்து, மேலே இருந்த மூன்று பித்தான்களையும் டைப்ரைட்டர் கட்டை மாதிரி அழுத்திப் பார்த்தார். வழுவழுவென்று இறங்கி ஏறின. விரலை மோந்தார். கீழ்ப்பக்கம் ஒரு குட்டி நெம்பு இருந்தது. ஊதும்போது குழலுக்குள் சேரும் எச்சில் தண்ணீரை வெளியேற்றுகிற வழி. அதை அழுத்தினார். தரையில் நாலைந்து சொட்டு விழுந்தது.

வாத்தியம் யார் வீட்டில் இருக்கிறது என்று விசாரித்தார். திருவொற்றியூரில், தேசப்பன் வீட்டில். இன்று காலைதான் நேராக இங்கே கொண்டுவந்தாராம். கடைசியாக எப்போது ஊதியது? ஒன்பது நாளாகத் தொடக்கூட இல்லை, வெறுத்துப்போச்சு என்று துண்டுக்குள்ளிருந்து பதில் வந்தது. இப்போது ஒருதரம் ஊதிக் காட்டச் சொன்னார் கார்குழலி. தேசப்பன் சட்டைப் பையிலிருந்து தன் ஊதுவாயை, அதாவது உதடு பதிக்கிற கழற்றி மாட்டும் முனையை, எடுத்துச் செருகி, கண்ணை மூடி ஊதினார். குணசேகரன் சொன்னதில் மிகையே இல்லை.

"அண்ணே, இதுக்கு ரிப்பேர்காரன் வோணாம்ணே. ஆஸ்துமா டாக்டர் வோணும்" என்றான் வல்லரசு. யாரும் சிரிக்கவில்லை.

கார்னெட் பெட்டியை எடுத்துக்கொண்டு இருவரும் ஆட்டோவில் சாத்தாங்காட்டுக்குப் புறப்பட்டார்கள். வழியெல்லாம் கார்குழலி விரலை மோந்து மோந்து பார்த்துக்கொண்டார். பொறுக்கமாட்டாமல் வல்லரசு, விரலில் கருவாட்டுக் குழம்பு வாசனையா என்று கேட்டான். மெஷின் எண்ணெய் என்றார். டைப்ரைட்டருக்கு இருபது வருடம் போட்ட அதே எண்ணெய், அதுவும் நேற்றோ இன்றோ போட்டது. ஒன்பது நாளாகத் தொடாத வாத்தியத்துக்கு யார் எண்ணெய் போடுவார்கள், அதற்குள் தண்ணீர் எங்கிருந்து வந்தது என்று அவனையே திருப்பிக் கேட்டார். வல்லரசு கடலையை மென்றபடி யோசித்தான். கடலை தீர்ந்தது; யோசனை தீரவில்லை.

சாத்தாங்காட்டில் லாரிகளுக்கு நடுவே புகுந்து ரஷீது பாயின் கொட்டகையைக் கண்டுபிடிக்கவே அரை மணி நேரம் ஆகிவிட்டது. குழாய், குத்துவிளக்கு, கப்பல் ஜன்னல் வளையம் என்று பித்தளை மலைபோல் குவிந்திருந்தது. கடலரசன் பேண்டு என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே ரஷீது பாய் சூடாகிவிட்டார். முந்தின நாள் குணசேகரன் போனில் வாய்க்கு வந்தபடி ஏசியிருக்கிறார். முப்பத்தைந்து வருடத் தொழிலில் தராசு முள்ளைத் தவிர எதற்கும் தான் பயந்ததில்லை என்றும், ஏமாற்றுக்காரன் என்ற பேர் மார்க்கெட்டில் பரவினால் நாளைக்கு எவனும் சரக்கு கொண்டுவர மாட்டான் என்றும் புலம்பித் தீர்த்தார்.

அவர் புலம்புகிற நேரத்தில் வல்லரசு நைசாகக் குவியலுக்குப் பின்னால் போய், ஒளித்துவைத்த கார்னெட்டைத் தேடினான். வளைந்த குழாய் ஒன்று கிடைத்தது. வெற்றியோடு தூக்கி வந்து காட்டினான். அது ஏதோ பழைய மோட்டார் சைக்கிளின் புகைக்குழாய்.

கார்குழலி பெட்டியைத் திறந்தார். ரஷீது பாய் கார்னெட்டைக் கையில் வாங்கிப் புரட்டிய மறு நிமிடமே முகம் மாறியது. கீழே இருந்த குட்டி நெம்பைத் தூக்கிக் காட்டினார். துளையை அடைக்கும் தக்கை இருக்க வேண்டிய இடத்தில் நீல நிற ரப்பர் வட்டம் ஒன்று. அதை அமுக்கிப் பிடித்திருந்தது பால்பாயிண்ட் பேனாவின் ஸ்பிரிங்.

"இத்த மாட்டுனது நாந்தாம்மா. வர்றப்போ தக்கையும் இல்ல, ஸ்பிரிங்கும் இல்ல. ஸ்பிரிங்கு என் பேனாவுது. ரப்பரு இன்னாதுன்னு கேளு."

கேட்பதற்குள் வலது காலைத் தூக்கி மரப்பெட்டிமேல் வைத்தார். நீல ஹவாய் செருப்பு. குதிகால் ஓரத்தில், பட்டாணி அளவுக்கு ஒரு வட்ட ஓட்டை.

இந்த உலகத்தில் ஆயிரம் கார்னெட் இருக்கலாம். ரஷீது பாயின் செருப்பில் ஒரு துண்டை வைத்திருப்பது ஒன்றுதான். மாற்றவும் இல்லை, ஏமாற்றவும் இல்லை. அதே கார்னெட்.

அதோடு விடாமல் அவர் நடுக்குழாயைச் சர்ரென்று உருவினார். டப் என்று சோடா பாட்டில் திறக்கிற சத்தம். எங்கேயாவது காற்று கசிந்தால் இந்தச் சத்தம் வராது, பழைய வாத்தியம் வாங்குகிறவன் முதலில் பார்ப்பதே இதைத்தான் என்று விளக்கினார். ஆக வாத்தியமும் பழுதில்லை.

"அப்போ கார்னெட்டு நல்லாக்கீது, பாயும் நல்லவரு. குத்தவாளி காத்துதான். புடிச்சி உள்ள போட்ரலாமாக்கா?" என்றான் வல்லரசு.

கார்குழலி அவனைச் சட்டை செய்யாமல், வாங்க வந்த அன்று தேசப்பன் எவ்வளவு நேரம் ஊதிப் பார்த்தார் என்று பாயைக் கேட்டார்.

ரஷீது பாய் விசித்திரமாகப் பார்த்தார். "அந்தாளு எங்கம்மா ஊதுனாரு? வாயில துண்டை வெச்சிகினு நின்னாரு. கூட வந்த அம்மாதான் ஊதிச்சு. கழுத்துல டேப்பு தொங்குச்சு, டைலருங்க மாதிரி. அது ஊதுன ஊதுல லாரில இரும்பு இறக்குனவன்லாம் இறக்காத நின்னுட்டான்."

வல்லரசு தெருவுக்கு ஓடி ஆட்டோவை நிறுத்தினான். 

திருவொற்றியூரில் தேசப்பன் வீட்டை அடைந்தபோது மணி இரண்டரை. முன்னறையில் தையல் மிஷின். ஆணி முழுக்கச் சிவப்புக் கோட்டுகள். கடலரசன் பேண்டின் உடுப்பெல்லாம் தைப்பது தேசப்பனின் மனைவி ஹில்டாதான். நாற்பது தாண்டியவர், கழுத்தில் டேப்பு. புருஷன் இன்னும் பேண்டு செட்டிலிருந்து வரவில்லை என்றார். உள்ளறைத் திரைக்குக் கீழே இரண்டு கால் தெரிந்தது. கார்னெட் பெட்டியைப் பார்த்ததும் ஹில்டாவின் பார்வை மிஷினுக்கு ஓடிவிட்டது. தனக்கு அதைப்பற்றி ஒன்றும் தெரியாது, வாத்தியமெல்லாம் ஆம்பிளைங்க சமாச்சாரம் என்று முடித்துக்கொண்டார்.

கார்குழலி வற்புறுத்தவில்லை. தண்ணீர் கேட்டுக் குடித்தார். வல்லரசுவோ காலையிலிருந்து சட்டையைப் பிடித்துப் பிடித்துக் கை வலித்துப்போயிருந்தான். ஒரு பொத்தான் கிடைக்குமா என்று கேட்டான். தையல்காரருக்குப் பொத்தான் கேட்டால் கை தானாக நீளும். மிஷின் மேலிருந்த பிஸ்கட் டப்பாவை ஹில்டா அவன் பக்கம் தள்ளிவிட்டார். தள்ளிய பிறகுதான் முகம் வெளுத்தது. அதற்குள் வல்லரசு கையை விட்டுத் துழாவியாகிவிட்டது.

வெளியே வந்தது வெள்ளி நிறத்தில், கிண்ணம் வைத்த ஒரு ஊதுவாய். வல்லரசு அதைத் தன் சட்டையில் வைத்துப் பார்த்தான்.

"இந்தப் பொத்தானுக்கு எம்மாம்பெரிய காஜா எடுப்பீங்க சிஸ்டர்?"

திரைக்குப் பின்னாலிருந்து ஒரு சிரிப்பு வெடித்தது. அடக்கப் பார்த்து, இருமி, கடைசியில் தேசப்பனே வெளியே வந்துவிட்டார். துண்டு கையில் இல்லை. மேல்வரிசையில் முன்பல் மூன்று இல்லை. அந்த மூன்றும் ஜன்னல் ஓரத்தில் ஒரு டம்ளர் தண்ணீரில் கிடந்தன.

நாலு மாதம் முன்பு வலி தாங்காமல் பிடுங்கியது. கட்டின பல்லை வைத்துக்கொண்டு இட்லி தின்னலாம், பன் தின்னலாம். கார்னெட் ஊத முடியாது. உதட்டை ஊதுவாயில் அழுத்தினால் பல் ஆடுகிறது, காற்று பக்கவாட்டில் ஓடுகிறது. பழகிவிடும் என்று நம்பி, பழைய வாத்தியம் தேய்ந்ததையே சாக்காக வைத்து வேறொன்று பார்க்கப் போனார். சோதித்துப் பார்க்க வேறு வாய் வேண்டுமே. கான்வென்ட்டில் படித்தபோது மூன்று வருடம் பேண்டில் கார்னெட் ஊதிய மனைவியைக் கூட்டிப்போனார். பேண்டில் தன்னால் ஊத முடியாமல் போனபோது, வாத்தியத்தை மாற்றிவிட்டார்கள் என்று வாய்க்கு வந்த பொய்யைச் சொன்னார். சொன்ன பொய்யை வாபஸ் வாங்க வழி தெரியவில்லை.

"பல்லு போனா பரவால்லம்மா, கஞ்சி குடிச்சிக்கலாம். தொப்பி போனா நான் யாரு?" என்றார் தேசப்பன். சொல்லிவிட்டு அழுதுவிட்டார். 

ஹில்டாவுக்கு அழுகையைவிடக் கோபம்தான் அதிகம். ஒரு பாவமும் அறியாத பாயின் பேரைக் கெடுத்தது மகா தப்பு என்று, பொய் சொன்ன அன்றிலிருந்து புருஷனோடு சண்டை. தேசப்பன் ஊதாமல் கிடந்த ஒன்பது நாளும் விடியற்காலையில் குழலின் அகன்ற வாய்க்குள் தலையணை உறையைத் திணித்துக்கொண்டு ஊதியது ஹில்டாதான். எண்ணெயும் அவர் மிஷின் எண்ணெய்தான். ஏன் ஊதினீர்கள் என்று கார்குழலி கேட்டதற்கு, ஆசையாக இருந்தது என்று மட்டும் சொன்னார். முப்பது வருடமாகப் பொம்பளை வாசல்படி ஏறாத பேண்டு அது, அந்த ஆசையை எங்கே போய்ச் சொல்வது என்று கோட்டில் நூலைக் கடித்துத் துப்பினார்.

கார்குழலி ஆணியில் தொங்கிய கோட்டுகளைக் கொஞ்ச நேரம் பார்த்தார். அந்தப் பார்வை வந்தால் ஏதோ விஷமம் நடக்கப்போகிறது என்று வல்லரசுவுக்குத் தெரியும். ஒரே ஒரு கேள்வி கேட்டார்: மாஸ்டர் எப்போது திரும்பிப் பார்ப்பார்?

"தப்பா வாசிச்சாதான்" என்றார் தேசப்பன்.

"அப்போ சரியா வாசிங்க" என்று ஹில்டாவைப் பார்த்துச் சொல்லிவிட்டு எழுந்தார் கார்குழலி.

ஐந்து மணிக்கு அவர் குணசேகரனைப் பிடித்துப் பக்கத்து எஸ்.டி.டி. பூத்துக்குள் அடைத்தார். கார்னெட் அதேதான், ரஷீது பாய் யோக்கியர், செருப்பே சாட்சி, இன்று சத்தம் வருவதற்குத் தான் பொறுப்பு என்று அடித்துச் சொன்னார். வாத்தியத்துக்கு அப்படி என்னதான் கோளாறு என்று மாஸ்டர் துருவியதற்கு, முதலில் பாயிடம் மன்னிப்பு, அப்புறம்தான் விளக்கம் என்றுவிட்டார். பாய் லேசில் மன்னிக்கவில்லை. ஏசிய ஒவ்வொரு வார்த்தைக்கும் தனித்தனியாக மன்னிப்பு வாங்கினார். ஆறு மணிக்குக் கோயில் மணி அடித்தபோதுதான் போனை வைத்தார். குணசேகரன் கோலைத் தூக்கிக்கொண்டு பின்பக்கம் பார்க்க நேரமில்லாமல் ஓடி, குழுவின் முன்னால் போய் நின்றார்.

பெரிய டிரம் வாசிக்கும் பாஸ்கர் திடீரென்று தோள்வலி என்று ஒதுங்கி ஜால்ராவை எடுத்துக்கொண்டார். பெரிய டிரம் இடது கோடியில் தேசப்பனின் கழுத்தில் தொங்கியது. அவர் தலையில் சாதாரணத் தொப்பி. நடுவில், முதல் கார்னெட்டின் இடத்தில், சிவப்புக் குஞ்சம் வைத்த தொப்பிக்குள் கொண்டை மறைந்திருந்தது. கோட்டு அளவெடுத்தாற்போல் இருந்தது; அளவெடுத்துத்தான் ஹில்டா அன்று மதியம் அதைப் பிடித்துத் தைத்திருந்தார்.

கோல் உயர்ந்தது. கார்னெட் எழுந்தது.

வல்லரசுவுக்கும் சங்கீதம் தெரியாது. ஆனால் தெருமுனையில் பந்து விளையாடியவர்கள் நின்றதையும், மாடியில் துணி எடுத்துக்கொண்டிருந்த அம்மாள் எடுத்த துணியையே மறுபடி கொடியில் போட்டுவிட்டு நின்றதையும் பார்த்தான். லாரிக்காரர்கள் ஏன் இரும்பை இறக்காமல் நின்றார்கள் என்று அப்போது புரிந்தது. குணசேகரனின் முதுகு நிமிர்ந்துகொண்டே போனது. கமிட்டி ஆட்களைப் பார்த்து அவர் தலை லேசாக ஆடியது. இரண்டாவது தெரு திரும்பும்போது சந்தோஷம் தாங்காமல், முன்னால் பார்த்தபடியே சத்தமாகக் கேட்டார்.

"டேய் தேசப்பா, இன்னாத்தடா துன்னுட்டு வந்த இன்னிக்கி?"

இருபத்திரண்டு வருடப் பழக்கம். மாஸ்டர் கேட்டால் வாய் தானாகப் பதில் சொல்லிவிடும்.

"கஞ்சிதான் மாஸ்டர்" என்றார் தேசப்பன், இடது கோடியிலிருந்து, டிரம்மை அடித்துக்கொண்டே.

நடுவில் கார்னெட் ஒரு இழைகூட அறுந்துபோகாமல் பாடிக்கொண்டிருந்தது.

குணசேகரனின் கோல் அந்தரத்தில் நின்றது. வல்லரசு கார்குழலியின் கையைப் பிடித்துக்கொண்டான். மாஸ்டரின் கழுத்து மெல்லத் திரும்ப ஆரம்பித்தது. காது தெரிந்தது, கன்னம் தெரிந்தது, மீசை நுனிகூடத் தெரிந்தது. தெரு முழுக்க அவரைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. குஞ்சத் தொப்பியிலிருந்து நழுவிய கொண்டை கடைக்கண்ணில் பட்டிருக்க வேண்டும்; கழுத்து அங்கேயே நின்றது. கார்னெட் பாடியதில் முழுசாக ஒரு வரி கேட்டது. பிறகு மெதுவாக முன்பக்கமே திரும்பிவிட்டது. கோல் மறுபடி உயர்ந்தது.

"தேசப்பா" என்றார் முன்னால் பார்த்தபடியே. "தெரு அகலமாவுது. அந்தம்மாவ இன்னும் கொஞ்சம் சத்தமா ஊதச் சொல்லு."

தேசப்பன் சிரித்தார். கையில் டிரம் குச்சி இருந்ததால் வாயைப் பொத்திக்கொள்ள முடியவில்லை.